அவருக்கும் சமாதானம்

இந்த ஊரில் மூச்சு விடுவதற்கும் குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்கள். தேவாலயப் பாடகர் குழுவில் நான் சேர்ந்த முதல் செவ்வாய்க்கிழமை மாலை, பக்கத்தில் நின்ற பிர்கிட் என்ற அம்மாள் என் தாளை மெல்லத் தன் பக்கம் இழுத்து, இரண்டாவது வரியின் மேலே பென்சிலால் ஒரு சின்னக் கொக்கி போட்டார். நான் ஏதோ தப்பாகப் பாடிவிட்டேன், மார்க் போடுகிறார் போல என்று பதறிப்போனேன். அவர் என் காதருகே குனிந்து, “இங்கேதான் மூச்சு” என்றார். சுற்றிப் பார்த்தால் எல்லார் தாளிலும் அதே இடத்தில் அதே கொக்கி. கள்ளக்குறிச்சியில் எங்கள் கோயிலில் மூச்சு தீர்ந்தால் மூச்சு விடுவோம். யாருக்கு எப்போது தீரும் என்பது அவரவர் நுரையீரலின் சமாச்சாரம். அடுத்தவர் மூச்சில் பென்சில் வைக்கிற தைரியம் எங்கள் ஊரில் யாருக்கும் வராது.

நான் எஸ்தர். டென்மார்க்கில், ஜட்லாந்து என்கிற தீபகற்பத்தில், கடல் காற்று ஓயாமல் அடிக்கிற ஒரு சின்ன ஊரில் இருக்கிறேன். என் வீட்டுக்காரர் காற்றாலை செய்கிற கம்பெனியில் வேலை கிடைத்து இங்கே வந்தார். கைக்குழந்தையாக இருந்த மகளைத் தூக்கிக்கொண்டு நானும் வந்தேன். எனக்குக் கிடைத்தது கண்ணாடிக் கூடாரத்துக்குள் வெள்ளரிக்காய் பறிக்கிற வேலை. என் அம்மா சின்னசேலம் பக்கத்துக் காடுகளில் கூலிக்குக் களை எடுத்தவர். பிளேன் ஏறிப் போன மகளும் காய்தான் பறிக்கிறாள் என்று கேட்டபோது விழுந்து விழுந்து சிரித்தார். அங்கே வெயில், இங்கே கண்ணாடி, அவ்வளவுதான் வித்தியாசம் என்றேன். சம்பளத்தைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

பாடகர் குழுவில் நான் சேர்ந்ததே ஒரு விபத்து. வந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிவில் சமாதான வாழ்த்து பாடினார்கள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அது எங்கள் பாட்டு. போகும் வழியில் சமாதானம், படுக்கும் இடத்தில் சமாதானம், உன்னைக் காண்பவர் கண்ணில் சமாதானம் என்று நான் பால்குடி மறக்கும் முன்பே கேட்ட வாழ்த்து. எந்தக் காலத்திலோ இந்த நாட்டிலிருந்து கப்பல் ஏறி வந்த மிஷனரி யாரோ ஒருவர் அதைக் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுவந்திருக்க வேண்டும். ஆனால் இங்கே பாடியது உடம்பு சரியில்லாதவர் நடப்பதுபோல அவ்வளவு நிதானமாக இருந்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த நான் என்னை மறந்து தமிழில், எங்கள் ஊர் வேகத்தில், எங்கள் ஊர்ச் சத்தத்தில் சேர்ந்துகொண்டேன். முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நான் பாட்டுக்குப் பாடி முடித்துவிட்டு, மற்றவர்கள் முடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.

வெளியே வரும்போது குழுவை நடத்துகிற கிர்ஸ்டன் என்னைத் தேடி வந்து, என் கையைக் குலுக்கி, “இக்கெ ஸோ ரிங்கெ” என்று சொல்லிவிட்டுப் போனார். வீட்டுக்காரரிடம் அர்த்தம் கேட்டேன். ‘அவ்வளவு மோசமில்லை’ என்றார். எனக்கு வந்ததே கோபம். பிடிக்காவிட்டால் பேசாமல் போயிருக்கலாம், வலிய வந்து மோசமில்லை என்று சொல்ல வேண்டுமா என்று பொரிந்து தள்ளினேன். அவர்தான் பொறுமையாகச் சொன்னார், இந்த ஊரில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது, ஒரு முழுக் காற்றாலையை நிறுத்தி முடித்தாலும் மேனேஜர் அதைத்தான் சொல்வார் என்று. அடுத்த செவ்வாய்க்கிழமை நான் பாடகர் குழுவில் நின்றேன். என் குரலுக்கு ‘ஆல்டோ’, அதாவது பெண்களில் தணிந்த குரல், என்று பெயர் வைத்து, நடுவில் நிறுத்தினார்கள்.

இங்கே நாலு குரலும் நாலு வழியில் போகும். ஒருவர் வழியில் இன்னொருவர் குறுக்கிட மாட்டார். வரப்பு போட்ட நிலம்போல அவரவர் பங்கு அவரவருக்கு. கடைசி வார்த்தை வரும்போது நாலும் ஒரே நொடியில் சேர்ந்து நிற்கும். சும்மா சொல்லக்கூடாது, கேட்க அவ்வளவு சுகம். ஆனால் பாடுவது பெரும்பாடு. பக்கத்தில் ஒருவர் ராகத்தைப் பாடும்போது நான் அதை விட்டுவிட்டுக் கீழே ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். என் சுரமோ நிற்காது, வளையும், நெளியும். “நேராக, எஸ்தர், நேராக” என்பார் கிர்ஸ்டன். எங்கள் ஊரில் குரல் நேராகப் போனால் தொண்டை கட்டியிருக்கிறதா என்று கேட்பார்கள்.

கள்ளக்குறிச்சியிலும் ஒருமுறை இந்த நாலு குரல் வித்தையை முயன்று பார்த்ததுண்டு. நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம். வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு டாக்டரின் மனைவி வாரக்கணக்கில் உட்கார்ந்து எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். என் அண்ணன் தானியேலுக்குக் கீழ்க்குரல். ஒத்திகையில் எல்லாம் ஒழுங்காகத்தான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆர்மோனியமும் தபேலாவும் சேர்ந்து, சபை மொத்தமும் எழுந்து நின்று பாட ஆரம்பித்ததும் முதல் வரியிலேயே கீழ்க்குரல்காரர்கள் ஒவ்வொருவராக ராகத்துக்கு வந்துவிட்டார்கள். இரண்டாவது வரியில் ஊர் மொத்தமும் ஒரே குரல். அந்த அம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். வீட்டுக்கு வந்து அண்ணனிடம் ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். “எல்லாரும் ஒரு பக்கமா போகச்சொல்ல நான் மட்டும் வேற பக்கம் போனா, சண்ட போட்டுக்கினு போற மாரி இல்ல இருக்குது? அதுவும் சமாதானத்தப் பத்திப் பாடச்சொல்ல” என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

அந்த அண்ணன்தான் பிறகு வாத்தியாராகி, கல்வராயன் மலையில் வெள்ளிமலையைத் தாண்டி ஒரு சின்ன ஊருக்குப் போனார். போனவர் இறங்கவே இல்லை. அங்கே தகரக்கூரை போட்ட ஒரு ஜெபவீடு. ஆர்மோனியம் கிடையாது, தபேலா கிடையாது. கல்லூரி விடுமுறையில் நான் பஸ் ஏறி, வளைவுக்கு வளைவு குமட்டலை அடக்கிக்கொண்டு அங்கே போனபோதுதான் அதே வாழ்த்தை மூன்றாவது விதமாகக் கேட்டேன். ஆண்கள் ஒரு வரி எடுப்பார்கள். அது முடிவதற்குள் பெண்கள் அதை வாங்கிக்கொள்வார்கள். சாமை குத்துகிற தாளத்தில் ஒரு தள்ளு தள்ளிப் பாடுவார்கள். டென்மார்க்கிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு வந்தபோது அந்த மெட்டுக்கு வேகம் கூடியது. மலை ஏறியபோது இடுப்பும் அசைய ஆரம்பித்துவிட்டது.

விசேஷம் அதற்குப் பிறகுதான். வாழ்த்து முடிந்ததும் யாரும் கலைந்து போக மாட்டார்கள். பிழைப்புக்காக வெளியூர் போய், அன்றைக்கு வராதவர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கூப்பிடுவார்கள். கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போன சின்னையன் என்று ஒருவர் இழுப்பார். எல்லாரும் “அவனுக்கும் சமாதானம்” என்பார்கள். திருப்பூருக்குப் போன மல்லிகா. அவளுக்கும் சமாதானம். பாட்டு எப்போது முடியும் என்று கணக்கே இல்லை. பெயர் தீரும்போது முடியும். ஒரு பெயரை விட்டுவிட்டால் அந்த வீட்டார் வாத்தியார் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். நான் டென்மார்க் வந்த பிறகு என் பெயரும் அதில் சேர்ந்துவிட்டது என்று அண்ணன் போனில் சொன்னார். அந்த ஊருக்கு எத்தனை பஸ் மாற வேண்டும் என்று ஒரு பெரியவர் கேட்டாராம். அன்றிலிருந்து ஒரு ஞாயிறும் தவறியதில்லை. வெள்ளரிக்காய்க் கூடாரத்தில் கை மரத்துப்போகிற நாட்களில், அங்கே என் பெயரைச் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன். அது எனக்குப் பெரிய தெம்பு.

போன கோடையில் என் மகள் ஜெமிமாவுக்குக் கல்யாணம். பையன் இந்த ஊர்க்காரன். அவன் பெயரை இவர்கள் ‘மாஸ்’ என்று சொல்வார்கள். கள்ளக்குறிச்சியில் அந்தப் பெயருக்கே பாதிச் சம்மதம் கிடைத்துவிட்டது. எங்களில் தாய்மாமன் வந்து நின்று வாழ்த்தாமல் கல்யாணம் கிடையாது. கிறிஸ்தவர்களான பிறகும் அது மாறவில்லை. ஜெமிக்கோ தாய்மாமன் என்றால் உயிர். விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் அவர் தோளிலிருந்து இறங்காதவள். அண்ணன் வாழ்நாளில் முதல் முறையாகப் பாஸ்போர்ட் எடுத்தார், கள்ளக்குறிச்சியில் ஸ்வெட்டர் தேடிக் கடைகடையாக அலைந்தார். கடைசியில் விசா இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர் ஊருக்குத் திரும்பிப் போவார் என்ற நம்பிக்கை அதிகாரிகளுக்கு ஏற்படவில்லையாம். கள்ளக்குறிச்சியிலேயே இரண்டு ராத்திரி சேர்ந்தாற்போல் தங்காத மனுஷனைப் பார்த்து! ஜெமி தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

அண்ணன் போனில் வெகு சாதாரணமாகத்தான் பேசினார். “உடு பாப்பா. ஆளு வர்றதுக்குத்தான விசா கேக்கறான், பாட்டு வர்றதுக்குக் கேக்கறானா?” என்றார். அந்தப் பேச்சு என் மண்டையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. கல்யாண ஆராதனை முடிவில் எப்படியும் அந்த வாழ்த்துதான் பாடப் போகிறார்கள். அது மலை ஜெபவீட்டு மெட்டில், பெயர் கூப்பிடுகிற முறையோடு பாடப்பட வேண்டும். தாய்மாமன் வாழ்த்து என் மகள் தலையில் இறங்கியே ஆக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

கிர்ஸ்டனிடம் போய் அண்ணன் பாடி அனுப்பிய பதிவைப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டவர், “இது எங்களுடையது” என்றார். கொஞ்சம் போனதும், “இல்லை, இது எங்களுடையது இல்லை” என்றார். பிறகு மறுபடியும் முதலிலிருந்து போடச் சொன்னார். சும்மா சொல்லக்கூடாது, ஒரே வாரத்தில் அதை நாலு குரலுக்கும் பிரித்து, அந்தத் தள்ளு கெடாமல் எழுதிக்கொண்டு வந்துவிட்டார். தகராறு பெயரில்தான் வந்தது. எத்தனை பெயர் என்று கேட்டார். தீரும் வரைக்கும் என்றேன். அப்படியென்றால் எத்தனை என்று மறுபடி கேட்டார். எங்களுக்கு அடுத்தாற்போல் அதே கோயிலில் இன்னொரு கல்யாணம் இருந்தது; இங்கே கல்யாணத்துக்கும் ரயிலுக்கும் ஒரே கறார்தான். இழுபறிக்குப் பிறகு மூன்று பெயர் என்று முடிவானது. நான் கூப்பிட வேண்டும், குழு “அவருக்கும் சமாதானம்” என்று தமிழிலேயே பதில் சொல்ல வேண்டும்.

அந்த இரண்டு வார்த்தையை இவர்கள் வாயில் ஏற்ற நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. உச்சரிப்பு வந்துவிட்டது, சத்தம் வரவில்லை. ஊர் பேர் தெரியாத ஒருவருக்காக ஏன் கத்த வேண்டும் என்று கூச்சம். ஒத்திகை நடுவில் காபி குடிக்கும்போது, பன்றிப் பண்ணை வைத்திருந்து ஓய்வு பெற்ற பவுல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கீழ்க்குரல் பாடுகிறவர், அத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் பாலா சர்க்கரையா என்பதைத் தாண்டிப் பேசியதில்லை. அவர் டேனிஷில் ஏதோ நீளமாகக் கேட்டார். வரமுடியாதவர்களைப் பற்றிக் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டு, வராதவர்கள் எல்லாருக்கும்தான் என்று என் அரைகுறை டேனிஷில் சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனார். அவர் கேட்டது, வரமாட்டேன் என்று கோபித்துக்கொண்டு போனவர்களையும் கூப்பிடலாமா என்பது. பிர்கிட் பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. சொன்ன பதிலை மாற்றிக்கொள்ள எனக்கு மனமில்லை.

கல்யாணத்தைப் போனில் காட்டலாம் என்று பாதிரியம்மா அனுமதித்தார். ஆனால் மலையில் ஜெபவீட்டுக்குள் சிக்னல் வராது. பஸ் திரும்புகிற வளைவில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றால்தான் வரும். அண்ணன் கவலையே படவில்லை. சபை மொத்தத்தையும் கூட்டிக்கொண்டு வந்து வளைவில் நிறுத்திவிட்டார். இங்கே பகல், அங்கே சாயங்காலம். என் வீட்டுக்காரர் முதல் வரிசையில் போனைக் குழந்தையைப்போல ஏந்திக்கொண்டு உட்கார்ந்தார். மணப்பெண்ணின் அம்மா என்றும் பாராமல் நான் ஆல்டோ வரிசையில், குழுவின் நீல அங்கியில், உள்ளே பட்டுப்புடவையோடு நின்றேன். அவர்கள் நம்மைப் பார்க்கலாம், நாம் பாடும்போது அவர்கள் பாட வேண்டாம், சத்தம் பிந்தி வந்து தாளம் கெடும் என்பது கிர்ஸ்டனின் கண்டிப்பான உத்தரவு. அண்ணனிடம் நான் அதைத் தெளிவாகச் சொல்லியிருந்தேன். சொன்னால் கேட்கிற சபையா அது?

நாங்கள் முதல் வரி எடுத்ததுமே போனுக்குள்ளிருந்து ஆண்கள் குரல் கிளம்பிவிட்டது, எங்களுக்கு அரை வரி பின்னால். கிர்ஸ்டனின் கை ஒரு நொடி தடுமாறியது. நிறுத்திவிடுவாரோ என்று பார்த்தேன். அவர் எங்களைத்தான் நிறுத்தினார். போன் பக்கம் தலையைச் சாய்த்து, மலைக்காரர்கள் அந்த வரியை முடிக்கும் வரை காத்திருந்து, பிறகு எங்களுக்குக் கை காட்டினார். அவர்கள் ஒரு வரி, நாங்கள் ஒரு வரி என்று போனது. ஆண்கள் எடுக்கப் பெண்கள் வாங்கிக்கொள்ளும் அந்த முறை, யாரும் திட்டம் போடாமல் தானாக அமைந்துவிட்டது.

பெயர் கூப்பிடும் இடம் வந்தது. நான் முதல் பெயராக, வெள்ளிமலைப் பக்கத்தில் இருக்கிற தாய்மாமன் தானியேல் என்று இழுத்தேன். குழு கூச்சத்தோடு, “அவருக்கும் சமாதானம்” என்றது. அந்தப் பக்கமிருந்து ஒரு பெண் குரல், “இன்னாம்மா இது, வாத்தியாரு இங்கதான கீறாரு” என்றது. மலையில் சிரிப்பு வெடித்தது. அவர்களுக்கு எதிரிலேயே நிற்கிற மனுஷனை வராதவர் என்று கூப்பிட்டால் சிரிக்க மாட்டார்களா? பாதிரியம்மா என்ன என்பதுபோல் பார்த்தார். அவர் அங்கேதான் இருக்கிறாராம் என்று டேனிஷில் சொன்னேன். கோயிலும் சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்கும் முன்பே அண்ணனின் குரல் கணீரென்று எழுந்தது. “டென்மார்க்குல கீற எம் மருமவ ஜெமிமா” என்றார். சரியாக அந்த நேரம் பார்த்துச் சாயங்காலப் பஸ் வளைவில் வந்து நின்றிருக்கிறது. சபையோடு பஸ்ஸில் இருந்தவர்களும் சேர்ந்து சொன்ன “அவளுக்கும் சமாதானம்” அந்தச் சின்னப் போனை அதிரவைத்தது. ஜெமி முக்காட்டை விலக்கிவிட்டுப் போனைப் பார்த்து, “மாமா” என்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. இறங்கிவிட்டது, வாழ்த்து இறங்கிவிட்டது என்று என் மனசு சொன்னது.

நான் மீதி இரண்டு பெயரையும் சொல்லி முடித்தேன். கிர்ஸ்டன் கையைத் தாழ்த்தப் போகும்போது பின்வரிசையிலிருந்து பவுல் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, நியூசிலாந்தில் இருக்கிற தன் மகன் பெயரைச் சொன்னார். குழு பதில் சொன்னது, ஒத்திகையில் ஒருநாளும் வராத சத்தத்தில். அதற்குப் பிறகு மாப்பிள்ளையின் அத்தை ஒரு பெயர், பிர்கிட் ஒரு பெயர், யாரென்றே தெரியாத ஒரு தாத்தா ஒரு பெயர். ஒவ்வொன்றுக்கும் மலையிலிருந்தும் பதில் வந்துகொண்டிருந்தது. அடுத்த கல்யாணத்துப் பெண் வாசலில் வந்து எட்டிப் பார்த்தாள். கிர்ஸ்டன் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை.

எல்லாம் முடிந்து எல்லாரும் படிக்கட்டுக்குப் போன பிறகு, நான் வீட்டுக்காரரிடமிருந்து போனை வாங்கிக்கொண்டு கோயிலுக்குப் பின்னால் தனியாக வந்தேன். மலையில் பஸ் கிளம்பிவிட்டிருந்தது, சபை கலைந்துகொண்டிருந்தது. அண்ணன் முகமெல்லாம் வியர்வையாக நின்றார். அவரோடு ஆசைதீரப் பேசினேன். பிறகு, மனசில் உறுத்திக்கொண்டிருந்ததைக் கேட்டேன்.

“எம்பேர எப்பண்ணா கூப்புட்ட? பஸ் சத்தத்துல கேக்கவே இல்ல.”

“உம்பேரா? கூப்புடலியே.”

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷத்தில் ஒரு வாரம் விட்டதில்லை. என் மகள் கல்யாணத்தன்றைக்கா விடுவது? ஏன் என்று கேட்டேன்.

“நீதான் எங்ககூட நின்னுகினு பாடினியே பாப்பா. வராதவங்க பேரத்தான கூப்புடுவோம்” என்றார் அண்ணன்.

நீல அங்கியின் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அப்போது முன்பக்கமிருந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. முதலில் கிர்ஸ்டன், பிறகு பவுல், பிறகு குழு மொத்தமும். போட்டோவுக்கு எல்லாரும் படிக்கட்டில் நின்றுவிட்டார்கள் போலிருக்கிறது.

“யாரு பாப்பா கூப்புடறது?” என்றார் அண்ணன்.

“இங்கதாண்ணா. நான் இன்னும் வரலியாம்” என்றேன்.